கேம் இசையை ஆர்கெஸ்ட்ராவாக மாற்றுவது: ஒரு ஸ்லைடருடன் ஆறு வருடம்

பழைய வீடியோ கேம்களின் இசையை எடுத்து, அதை ஒரு ஆர்கெஸ்ட்ரா வாசித்தால் எப்படி இருக்கும் என்று கணினியிலேயே அமைத்துப் பார்ப்பேன். ஆறு வருடமாக என் மாலை நேரம் இதில்தான் போகிறது. ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருள், சில சாம்பிள் லைப்ரரிகள் (நிஜ வாத்தியங்களை நோட் நோட்டாகப் பதிவு செய்த தொகுப்புகள்), கணினிக்குக் கட்டளை அனுப்பும், நான்கு ஸ்லைடர் உள்ள ஒரு சின்ன மிடி கன்ட்ரோலர், ஒரு ஹெட்ஃபோன். இவ்வளவுதான் என்னிடம் உள்ளவை. இவற்றில் அதிகம் உதவியது எது என்று கேட்டால், யோசிக்காமல் அந்த ஸ்லைடரைத்தான் காட்டுவேன்.

ஆரம்பத்தில் மிடி ஃபைலை, அதாவது ஒலி இல்லாமல் எந்த நோட் எப்போது என்ற குறிப்பு மட்டும் உள்ள ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு வாத்தியத்தைக் கொடுத்துவிட்டு பிளே அழுத்துவேன். நோட் எல்லாம் சரியாக இருக்கும், தாளமும் பிசகாது. ஆனால் கேட்டால் பெரிய ஹார்மோனியம் ஒன்று வாசிப்பது போல இருக்கும். லைப்ரரியில்தான் குறை என்று நினைத்து, டிஸ்க்கை அடைக்கிற அளவில் ஒன்று வாங்கினேன். அதிலும் அதே ஹார்மோனியம்தான் கேட்டது.

காரணம் புரிய ஒரு வருடம் ஆயிற்று. மிடியில் ஒவ்வொரு நோட்டுக்கும் 1 முதல் 127 வரை ஒரு வெலாசிட்டி உண்டு. எவ்வளவு வேகமாகக் கட்டையை அழுத்தினோம் என்பதைத்தான் அது சொல்கிறது. பியானோவுக்கு அது போதும். சுத்தியல் கம்பியில் பட்ட பிறகு அந்த நோட் தானாகத் தேய்ந்து போகும், வாசிப்பவர் அதை மறுபடி பெரிதாக்க முடியாது. வயலினும் ஃப்ளூட்டும் அப்படி இல்லை. வில் கம்பியில் இருக்கும் வரை, மூச்சு ஃப்ளூட்டுக்குள் போகும் வரை, அந்த நோட் வாசிப்பவர் வசம்தான். அதனால் பெரும்பாலான லைப்ரரிகள் நீண்ட நோட்டுகளை வெலாசிட்டியிடம் விடாமல் நோட் ஒலிக்கும்போதே ஸ்லைடரால் நகர்த்தக்கூடிய சிசி 1, சிசி 11 என்ற இரண்டு கன்ட்ரோல்களிடம் கொடுத்திருக்கின்றன.

இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்து நான் நிறைய நாள் வீணாக்கினேன். சிசி 11 சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும். சிசி 1 பொதுவாக, மெதுவாக வாசித்த பதிவிலிருந்து அழுத்தி வாசித்த பதிவுக்குக் கொண்டுபோகும். அப்போது சத்தத்தோடு குரலின் நிறமும் மாறும். ஹார்ன் வாத்தியத்தில் இது பளிச்சென்று தெரியும். மென்மையாக ஊதினால் உருண்டையாக வரும் ஒலி, பலமாக ஊதினால் உலோகம் போலக் கிழித்துக்கொண்டு வரும். 11ஐ மட்டும் நகர்த்தினால், கத்திப் பாடிய பாட்டை வால்யூம் குறைத்துக் கேட்பது போலத்தான் இருக்கும்.

ஒரு நோட்டை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 88 பீட் வேகத்தில், நான்கு பீட் நீளமுள்ள ஒரு ஃப்ளூட் நோட். மவுஸால் சிசி 1 கோட்டை வரைந்தால் என் கை எப்போதும் நேர்க்கோடாகத்தான் இழுக்கும், அந்த நேர்க்கோடு காதிலும் நேர்க்கோடாகவே விழும். இப்போது மவுஸைத் தொடுவதில்லை. மெலடியை வாயால் பாடிக்கொண்டே ஸ்லைடரை நகர்த்திப் பதிவு செய்கிறேன். 45ல் தொடங்கும், ஒரு பீட் வரை கிட்டத்தட்ட அங்கேயே நிற்கும், மூன்றாவது பீட்டில் 80ஐத் தொடும், கடைசியில் 30க்கு இறங்கும். ஏறும் இடத்தில் விரல் லேசாகத் தயங்கியிருக்கும். அந்தத் தயக்கத்தை நான் திருத்துவதில்லை. கூடவே 11ஐ இன்னொரு விரலால், நோட்டின் வாலை அடக்குவதற்கு மட்டும் பயன்படுத்துகிறேன்.

பாடிக்கொண்டே செய்வதில் இன்னொரு லாபம், மூச்சு எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். கேம் கன்சோல் சிப்புக்கு மூச்சே வேண்டாம், எட்டு பார் (தாளச் சுற்று) நீளமுள்ள மெலடியை இடைவெளி இல்லாமல் ஓட்டிவிடும். மனிதர் ஊத வேண்டும் என்றால் நாலாவது பாரின் கடைசி நோட்டைக் கொஞ்சம் வெட்டி வழி விட வேண்டும். இல்லையென்றால் அடுத்த நாலு பாரை ஓபோ என்ற இன்னொரு ஊதும் வாத்தியத்திடம் கொடுக்க வேண்டும். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும்.

சிப்புக்காக எழுதிய நோட்டுகளை அப்படியே ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் பட்டுத்தான் தெரிந்தது. நிண்டெண்டோவின் முதல் 8 பிட் கன்சோலில் இரண்டு பல்ஸ், ஒரு ட்ரையாங்கிள், ஒரு நாய்ஸ், ஒரு சாம்பிள் என்று ஒலி எழுப்ப மொத்தம் ஐந்தே சேனல்கள். மூன்று நோட் சேர்ந்து ஒலிக்கும் கார்டு ஒன்றை வாசிக்க இடம் போதாததால், ஒரே சேனலில் அந்த மூன்றையும் மாறி மாறி மின்னல் வேகத்தில் ஓட்டுவார்கள். காது அதைக் கார்டாக எடுத்துக்கொள்ளும். அந்த ஓட்டத்தை வயலினுக்குக் கொடுத்துப் பார்த்தேன். உலகத்தில் எந்த வயலின்காரரும் வாசிக்க முடியாத ஒன்று வந்தது. இப்போது அதைத் திரும்பக் கார்டாக மடித்து, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்களுக்கு ட்ரெமோலோவாகவோ (ஒரே நோட்டை நடுங்குவது போல வேகமாகத் திரும்பத் திரும்ப வாசிப்பது) ஹார்ன்களுக்கு நீண்ட நோட்டாகவோ கொடுக்கிறேன். பெரும்பாலும் பேஸ் வாசிக்கும் ட்ரையாங்கிள் சேனலுக்கு வால்யூம் கன்ட்ரோலே கிடையாது, ஒலிக்கும் அல்லது நிற்கும். ஆகவே பேஸ் எங்கே அடங்க வேண்டும், எங்கே எழ வேண்டும் என்று மூலத்தில் எந்தக் குறிப்பும் இருக்காது. அதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கார்டு விஷயத்தில் இன்னொன்று. லைப்ரரியில் வயலின் குழுவின் பேட்சில், அதாவது அந்த வாத்தியத்துக்கான ஒலித் தொகுப்பில், பதினாறு பேர் வாசித்த பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று நோட் கார்டு அழுத்தினால் நாற்பத்தெட்டு வயலின் ஒலிக்கும். என் ஹார்மோனியத்தில் பாதி இங்கிருந்துதான் வந்தது. ஒரு நோட் முதல் வயலினுக்கு, ஒன்று இரண்டாம் வயலினுக்கு, ஒன்று வயோலாவுக்கு என்று பிரித்துக் கொடுத்ததும் ஒலி திறந்துகொண்டது.

அப்புறம் டைமிங். சாம்பிளில் வில் கம்பியைப் பிடித்து ஒலி முழுதாக எழ நேரம் ஆகும். நோட்டுகளை இடைவெளி இல்லாமல் இழைத்து வாசிக்கும் லெகாட்டோவில் அது இன்னும் அதிகம். என்னிடம் உள்ள ஒன்றில் கிட்டத்தட்ட 150 மில்லிசெகண்ட் முன்னால் இழுத்தால்தான் பீட்டில் உட்காரும், வெட்டி வெட்டி வாசிக்கும் ஸ்டக்காட்டோவுக்கு 60 போதும். அதனால் நீண்ட நோட்டுக்கும் குட்டை நோட்டுக்கும் தனித்தனி டிராக் வைத்து, டிராக் முழுவதும் அந்த அளவு முன்னால் வரும்படி டிராக் டிலேயை மைனஸில் போட்டிருக்கிறேன். ஹியூமனைஸ் பட்டனை விட்டுவிட்டேன். அது ஒவ்வொரு நோட்டையும் கண்டபடி தள்ளுகிறது. நிஜக் குழு அப்படித் தடுமாறாது, எல்லோரும் சேர்ந்துதான் நிதானிப்பார்கள், சேர்ந்துதான் முந்துவார்கள். வரி முடியும் இடத்தில் டெம்போவை நிமிடத்துக்கு மூன்று நாலு பீட் குறைத்து அடுத்த வரியில் திரும்ப ஏற்றுவது அந்தப் பட்டனைவிட எவ்வளவோ மேல். ஒரே குட்டை நோட் திரும்பத் திரும்ப வந்தால் ரவுண்ட் ராபின் உள்ள, அதாவது ஒரே நோட்டின் வெவ்வேறு பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்கும் பேட்சாகப் பார்த்து எடுங்கள், இல்லையென்றால் துப்பாக்கி சுடுவது போலக் கேட்கும்.

ரிவர்ப், அதாவது அறையின் எதிரொலியைச் சேர்ப்பது பற்றிப் பலர் நீளமாக எழுதிவிட்டார்கள். ஹாலில் பதிவான லைப்ரரிக்கு ரிவர்பைத் தொட்டும் தொடாமலும் விட்டு, எதிரொலி இல்லாத காய்ந்த பதிவுக்கு அதிகம் அனுப்பினால் இரண்டும் ஒரே அறைக்கு வந்துவிடும்.

பொருள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர் என்ற லைப்ரரி சுமார் 200 எம்பிதான், ஆனால் முதல் வடிவத்தை இன்னும் அதில்தான் போடுகிறேன். உடனே திறக்கிறது, கை யோசனையோடு ஓடுகிறது. கன்ட்ரோலர் மூன்றாவது வருடம் தகராறு செய்தது. இரண்டாவது ஸ்லைடர் 60லிருந்து 90க்குத் தாவும், நல்ல டேக் எல்லாம் பாழாகும். தூசி துடைத்தும் சரியாகவில்லை, புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. நீங்கள் வாங்கினால் ஸ்லைடரின் பயணம் நீளமாக உள்ளதாகப் பாருங்கள். குட்டை ஸ்லைடரில் மென்மையான ஏற்றம் வராது.

தனி வாத்தியம் மட்டும் இன்னும் எனக்குக் கைவரவில்லை. குழுவாக ஒலிப்பதைக் காது நம்பிவிடுகிறது, தனி வயலின் இரண்டே பாரில் மாட்டிக்கொள்கிறது. அதனால் போன வருடம் ஒரு நண்பரை வரவழைத்து, மேலே சொன்ன ஃப்ளூட் மெலடியை அறையிலேயே ஒரு மைக்கில் பதிவு செய்து, சாம்பிள் ஃப்ளூட்டுகளுக்கு மேலே வைத்தேன். அந்த ஒரு டிராக்கால் அடியில் இருந்த வயலின்களும் நிஜமாகத் தோன்ற ஆரம்பித்தன. இரண்டாவது வரிக்கு முன்னால் அவர் மூச்சு இழுக்கும் சத்தம் விழுந்திருக்கிறது. அதை நான் வெட்டவில்லை.