உடுமலையிலிருந்து காந்தலூர்: பேருந்துக்கு முழு மதிப்பெண், ஜீப்புக்குப் பாதிதான்

இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கும் காந்தலூருக்குச் சொந்தக் கார் இல்லாமல் போய்வர முடியுமா என்று கேட்பவர்கள் பலர். தாராளமாக முடியும். உடுமலைப்பேட்டையிலிருந்து பேருந்தில் போவதுதான் இருக்கிற வழிகளிலேயே நல்ல வழி என்பது என் கருத்து. ஊருக்குள் சுற்றிக்காட்டும் ஜீப் சேவையை மட்டும் அதே மனதோடு பாராட்ட முடியவில்லை.

உடுமலையில் இரண்டு வகைப் பேருந்துகள் கிடைக்கும்: மறையூர் வழியாக மூணாறு போகிறவை, நேராகக் காந்தலூர் வரை ஏறுகிறவை. பின்னது எண்ணிக்கையில் குறைவு என்பதால், முதலில் வருகிற மூணாறு வண்டியில் ஏறி மறையூரில் இறங்கிக்கொள்வது பல வேளைகளில் சரியாக இருக்கும். சாலை முதலில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள்ளும், எல்லையைத் தாண்டியபின் சின்னார் வனவிலங்குச் சரணாலயத்துக்குள்ளும் செல்கிறது. ஒன்பதாறு சோதனைச் சாவடியிலும் சின்னார் சோதனைச் சாவடியிலும் வண்டிகளை நிறுத்திப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். இரவில் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. கேரளம் என்றதும் பசுமையை எதிர்பார்த்து வருகிறவர்களுக்குச் சின்னார் ஆச்சரியம் தரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி என்பதால் சுற்றிலும் முள்காடுதான். ஆற்றோரத்தில் மட்டும் நீர்மருது மரங்கள் ஓங்கி நிற்கும், அவற்றின் கிளைகளில் சாம்பல் நிற மலை அணில்கள் வாழும். யானை சாலையில் நின்றால் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பார். அந்தப் பொறுமையும், வளைவுகளில் காட்டும் நிதானமும்தான் இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் தருவதற்குக் காரணம். காரின் இருக்கையைவிடப் பேருந்தின் சன்னல் உயரமாக இருப்பதால் காடும் நன்றாகத் தெரிகிறது.

மறையூருக்கு அருகே சாலையோரத்தில் கம்பி வேலி தொடங்கும். வேலிக்குள் நிற்பவை சந்தன மரங்கள். மறையூரிலேயே பணம் எடுத்துக்கொண்டு, தேநீரும் குடித்துவிட்டு, கோவில்கடவு வழியாக மேலே ஏற வேண்டும். மொழிச் சிக்கல் எதுவும் இல்லை. அஞ்சுநாடு என்று அழைக்கப்படும் இந்த ஊர்களில் வழிவழியாகப் பேசப்படுவது தமிழ்தான். மதுரைப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள் தாங்கள் என்பது இங்குள்ள பெரியவர்கள் சொல்லிவரும் செய்தி. பேருந்தின் பலகை மலையாளத்தில் மட்டும் இருந்தாலும், நடத்துநரிடமோ பக்கத்தில் நிற்பவரிடமோ கேட்டால் வேண்டிய விவரம் தமிழிலேயே கிடைத்துவிடும்.

இனி ஜீப்பைப் பற்றி. காந்தலூர் சந்திப்பில் இறங்கியதுமே, அருவி, பழத்தோட்டம், மலைமுகடு எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுவதாகச் சொல்லி ஓட்டுநர்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஓட்டுவதில் இவர்களைக் குறை சொல்ல இடமில்லை. கல்லும் குழியுமான ஏற்றத்தில் இவர்கள் வண்டியைக் கையாளுவதைப் பார்த்து வியந்திருக்கிறேன். குறை வாடகையில் இருக்கிறது. ஒரே பாதைக்கு ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். எங்களை அழைத்துப்போன ஓட்டுநர், புறப்படும்போது ஒப்புக்கொண்ட தொகைக்குமேல், தோட்டத்தில் காத்திருந்ததற்கென்று திரும்பியபின் தனியாகக் கேட்டார். எந்தெந்த இடங்கள், எவ்வளவு நேரம், காத்திருப்பும் நுழைவுக் கட்டணமும் உட்பட்டதா என்பதையெல்லாம் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுவது அவசியம். 2023-இல் ஒன்றியச் சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் தங்க விருது பெற்ற ஊர் இது. சந்திப்பில் ஒரு வாடகைப் பலகை வைத்துவிட்டால், வெளியூர்க்காரருக்கு மட்டுமல்ல, நியாயமாக ஓட்டும் ஓட்டுநர்களுக்கும் நன்மை.

ஜீப் இல்லாமல் பார்க்கக்கூடியவை இங்கே அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். பூண்டும் கேரட்டும் விளையும் படிக்கட்டு வயல்களுக்கு நடுவே ஊருக்கு ஊர் நடந்தே போகலாம். வயல் வரப்பில் இறங்கும் முன் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை. கோவில்கடவுப் பக்கத்துப் பாறைமீது முனியறைகள் இருக்கின்றன: பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த பெருங்கற்கால ஈமச் சின்னங்கள். அங்கே கூரையோ கடையோ கிடையாது. வெயில் ஏறுவதற்கு முன் போய்விட வேண்டும்.

கரும்பு வயல்களுக்கு நடுவே புகை எழும் கொட்டகையைக் கண்டால் அவசியம் நின்று பாருங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் இப்படிப்பட்ட கொட்டகைகளில்தான் தயாராகிறது. காய்ந்த கரும்புச் சக்கையையே அடுப்பில் தள்ளி, அகன்ற கொப்பரையில் சாற்றைக் காய்ச்சி, பாகு பதத்துக்கு வந்ததும் மரத்தட்டில் கொட்டிக் கிளறுகிறார்கள். இறுகுவதற்குள், சூடு ஆறாத பாகைக் கையால் அள்ளி உருட்டுகிறார்கள். உருண்டையின்மேல் விரல் தடம் அப்படியே பதிந்திருக்கும். வெல்லம் வாங்குவதாக இருந்தால் இங்கேயே வாங்குங்கள், சாலையோரக் கடைகளில் மறையூர் வெல்லம் என்ற பெயரில் வேறு ஊர்ச் சரக்கும் விற்கப்படுகிறது.

ஆப்பிளைக் கிளையோடு காண விரும்புகிறவர்கள் ஆடி, ஆவணி வாக்கில் வரலாம். மற்ற மாதங்களில் தோட்டத்துக்குக் கட்டணம் கொடுத்து நுழைந்தால் வெறும் இலையைத்தான் பார்க்க நேரும். திரும்பும் நாளில் கடைசிப் பேருந்தை நம்பி இருந்துவிடாதீர்கள். காட்டுச் சாலை என்பதால் அதைத் தவறவிட்டால் வேறு வண்டி அமர்த்தி அன்றே மலையிறங்குவதும் கடினம். காந்தலூருக்கு வந்து பேருந்திலிருந்து இறங்கும்போதே நடத்துநரிடம் மாலை வண்டிகளின் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, கடைசிக்கு முந்தைய வண்டிக்கே மறையூர் வந்து சேர்ந்துவிடுங்கள்.