ஆர்எஃப்பா, ஃபைபரா, கோரா? டெலிகாம் படிப்பவர் எந்தப் பக்கம் போகலாம்

டெலிகாம் இன்ஜினியரிங் படிப்பவர்களுக்கு மூன்றாம் ஆண்டில் இந்தக் கேள்வி வந்துவிடும். பட்டம் ஒன்றுதான். ஆனால் மூன்று வேலைக்கும் மூன்று விதமான மனசு வேண்டும்.

ஆர்எஃப், அதாவது ரேடியோ அலை வேலை, காற்றோடு. ஓரிடத்தில் இன்டர்நெட் திணறுகிறது என்று புகார் வந்தால், டெஸ்ட் போனும் லேப்டாப்புமாக வண்டியில் சுற்றி அளக்க வேண்டும். இதுதான் டிரைவ் டெஸ்ட். சிக்னல் மைனஸ் 75 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) என்று நன்றாகவே காட்டும், டேட்டா மட்டும் ஓடாது. பக்கத்து செல்லின், அதாவது பக்கத்து ஆன்டெனா பார்க்கும் பகுதியின், சிக்னலும் அதே அலைவரிசையில் அங்கே வந்து விழுவதுதான் காரணம். போனுக்கு அதுவும் இரைச்சல்தான். சிக்னல் எவ்வளவு பலம் என்பதைவிட, இரைச்சலைப்போல் எத்தனை மடங்கு என்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறது. 1948-இல் தகவல் கோட்பாட்டை வகுத்த கிளாட் ஷானன் நிறுவியதும் இதைத்தான். ஆன்டெனாவை இரண்டு டிகிரி கீழே சாய்த்தால் இங்கே சரியாகலாம், வேறொரு மூலையில் கவரேஜ் போய்விடலாம். இப்படி விட்டுப்பிடிக்கும் வேலை பிடிக்காதவர்கள் ஆர்எஃப்பில் தவித்துப் போவார்கள்.

ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையான ஃபைபரில் அந்தக் குழப்பம் இல்லை. கேபிள் அறுந்தால், பழுதின் தூரத்தை அளக்கும் ஓடிடிஆர் கருவியை மாட்டி ஒரு ஒளித்துடிப்பை அனுப்புவார்கள். ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 100 மைக்ரோ நொடியில் எதிரொளி திரும்பினால், போய் வந்த தூரம் 20 கிலோமீட்டர், பழுது 10 கிலோமீட்டரில். ஆனால் அது கேபிளின் நீளம். வழியில் சுருட்டி வைத்த உபரிக் கேபிளைக் கழித்தால்தான் தோண்ட வேண்டிய இடம் தெரியும். பாதை வரைபடம் சரியில்லை என்றால் கருவி இருந்தும் பயனில்லை. பிறகு 9 மைக்ரான் கண்ணாடி மையங்களை நேருக்கு நேர் வைத்து உருக்கி ஒட்ட வேண்டும். கைப்பதமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இது நிறைவான வேலை, நடுராத்திரி அழைப்பு வந்தாலும்.

டவர்களை எல்லாம் இணைத்து அழைப்பையும் டேட்டாவையும் வழிநடத்தும் மையப் பகுதியான கோர் நெட்வொர்க் இன்று பெரும்பாலும் மென்பொருள். 5ஜி கோரின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் தங்களுக்குள் பெரும்பாலும், இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் அதே எச்டிடிபி நெறிமுறை வழியாகவே பேசிக்கொள்கின்றன. லினக்ஸ், பைத்தான், லாக் எனும் செயல்பாட்டுப் பதிவுகளைப் படிக்கும் பழக்கம் போதும். வெயிலில் அலைய வேண்டாம். ஆனால் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்களும் இதே நாற்காலிக்குப் போட்டி போடுவார்கள்.

முடிவெடுக்க முடியாதவர்களுக்கு என் யோசனை, கல்லூரியில் ஆர்எஃப் பக்கம் சாயுங்கள். லினக்ஸை வேலையில் சேர்ந்தபின்னும் கற்கலாம். ஃபூரியர் மாற்றமும் நிகழ்தகவும் மின்காந்தவியலும் ஆசிரியர் இல்லாமல் எளிதில் வசப்படாது. பிராஜெக்டுக்கு ஒரு எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) ரிசீவரைக் கணினியில் சொருகி எஃப்எம் ஒலிபரப்பைப் பிடித்துப் பாருங்கள். அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் டிமாடுலேட்டரை நீங்களே எழுதி, ஸ்பீக்கரில் குரல் வரும்வரை விடாதீர்கள்.