இரும்பா, அலுமினியமா? பைக் ஏற்ற ஒரு மூடிய டிரெய்லர்

என் பழைய டிரெய்லரை வாங்க வந்தவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். கதவைத் திறந்து பார்ப்பார், விளக்கைப் போட்டுப் பார்ப்பார், அப்புறம் விலையைக் குறைக்கச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் உள்ளேயே எட்டிப் பார்க்கவில்லை. தன் வண்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்துத் தரையில் விரித்து, மல்லாந்து படுத்து, டிரெய்லருக்கு அடியில் நழுவிப் போய்விட்டார். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டும் சத்தம் கேட்டது. ஐந்தாறு தட்டு கணீரென்று இருந்தது. அடுத்தது சொத்தென்று விழுந்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார். குனிந்து பார்த்தால், பின்பக்கத்திலிருந்து இரண்டாவது குறுக்குச் சட்டத்துக்குள் ஸ்க்ரூடிரைவர் பாதி வரை இறங்கி நிற்கிறது. வெளியே கறுப்புப் பெயின்ட் அப்படியே இருக்கிறது, உள்ளே இரும்பைக் காணோம்.

4,000 டாலர் சொல்லியிருந்தேன். 1,900-க்குக் கொடுத்தேன். அதற்கும் அவர் யோசித்துத்தான் பணத்தை எடுத்தார்.

அந்த டிரெய்லருக்கு அப்போது ஆறு வயது. அதற்குப் பதிலாக வாங்கிய அலுமினிய டிரெய்லர் நான்கு குளிர்காலம் பார்த்துவிட்டது. இரண்டும் ஒரே அளவு, ஒரே வேலை. அதனால் நேருக்கு நேர் ஒப்பிட முடிகிறது. நான் அலுமினியத்தின் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் சேர்ந்து பைக் ஓட்டும் மூன்று நண்பர்கள், டெட்ராய்டுக்குப் பக்கத்தில் நோவை என்ற ஊரில் இருக்கிறோம். என்னுடையது ராயல் என்ஃபீல்டு 650. சென்னைக்குப் பக்கத்தில் செய்து கப்பலேறி வந்த வண்டி. ஊரில் அதற்கு இன்டர்செப்டர் என்று பெயர். அமெரிக்காவில் அந்தப் பெயருக்கான உரிமை ஹோண்டாவிடம் இருப்பதால் இங்கே ஐஎன்டி 650. மிச்சிகனின் எங்கள் பகுதியில் சாலைகளை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார்கள். வளைவு வேண்டுமென்றால் டென்னசி, வட கரோலினா மலைகளுக்குப் போக வேண்டும். 11 மைலில் 318 வளைவு இருக்கும் 'டெயில் ஆஃப் தி டிராகன்' அங்கேதான். ஐ-75 நெடுஞ்சாலையில் ஒன்பது பத்து மணி நேரம் பைக்கில் உட்கார்ந்து, டயரின் நடுப்பகுதியை மட்டும் தேய்த்து, முதுகு வலியோடு போய் மலையில் என்ன ஓட்டுவது? அதற்குத்தான் டிரெய்லர்.

வருடத்துக்கு ஒரே ஒரு பயணம், ஒரே ஒரு பைக் என்றால் சொந்தமாக வாங்கவே வேண்டாம். யு-ஹாலில் திறந்த பைக் டிரெய்லர் வாடகைக்குக் கிடைக்கிறது. மூன்று பைக், வழியில் மோட்டலில் ஒரு இரவு, மழை, ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டு வைக்க இடம் என்று வரும்போதுதான் மூடிய பெட்டி தேவைப்படுகிறது. அளவு 7-க்கு 14 அடி, இரட்டை ஆக்சில் (சக்கர அச்சு). 6-க்கு 12-ல் இரண்டு பைக்கை முன்பின்னாக நிறுத்தலாம், மூன்றாவது ஏறாது. அதோடு ஒற்றை ஆக்சில் பெட்டிகள் பலவற்றில் மொத்த எடை வரம்பு 2,990 பவுண்டு என்று எழுதியிருப்பார்கள். பல மாநிலங்களில் 3,000-ஐத் தொட்டால் பிரேக் கட்டாயம் என்பதால் வந்த எண் அது. மலை இறக்கத்தில் பின்னால் பிரேக் இல்லாத பெட்டி தள்ளுவதை நான் விரும்பவில்லை. எந்த உலோகமானாலும் எலெக்ட்ரிக் பிரேக் இருக்கட்டும். இழுக்கும் வண்டியில் அதற்கான கன்ட்ரோலரும் ஏழு முள் இணைப்பும் வேண்டும்.

சரி, உலோகத்துக்கு வருகிறேன்.

எல்லோரும் முதலில் பேசுவது எடையைத்தான். என் இரும்புப் பெட்டி காலியாக 2,350 பவுண்டு, அலுமினியம் 1,850. இரண்டையுமே லாரிக்காரர்கள் நிறுத்தும் கேட் (CAT) எடைமேடையில் ஏற்றிப் பார்த்த கணக்கு. மூன்று பைக்கும் சாமானும் சேர்ந்து 1,800 வரும். என் டொயோட்டா ஹைலேண்டரின் இழுவை வரம்பு 5,000. டிரெய்லரை வண்டியோடு மாட்டும் ஹிட்ச் மேல் இறங்கும் எடை 500-ஐத் தாண்டக் கூடாது. டிரெய்லர் ஆடாமல் வர மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சில் உட்கார வேண்டும். இரும்பில் மொத்தம் 4,150. அதில் 12 சதவீதம் என்றாலே 498. அலுமினியத்தில் 438. ஆக, நடுத்தர எஸ்யுவி வைத்திருப்பவருக்கு இந்த 500 பவுண்டு பெரிய விஷயம். பெரிய பிக்கப் வைத்திருப்பவருக்கு ஒன்றுமே இல்லை.

ஆனால் எடை குறைந்தால் மைலேஜ் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தனியாக கேலனுக்கு 23 மைல் தரும் என் வண்டி, இரும்புப் பெட்டியோடு 11 கொடுத்தது. அலுமினியத்தோடு 11.5. நெடுஞ்சாலையில் நாம் இழுப்பது காற்றை. பெட்டியின் முகம் ஒரே அளவு என்றால் காற்றுக்கு இரும்பும் அலுமினியமும் ஒன்றுதான்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது வேறு. இந்த டிரெய்லர் வருடத்தில் நான்கு வாரம் ஓடுகிறது. மீதி நாற்பத்தெட்டு வாரம் சும்மா நிற்கிறது. வாங்கும்போது ஓடும் நாட்களை மட்டுமே நினைத்து அளவு பார்க்கிறோம், பைக்கை ஏற்றும் சாய்பலகையான ராம்ப் பார்க்கிறோம். நிற்கும் நாட்களில் அதற்கு என்ன ஆகும் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கே நிற்கிறது என்பதும் நம் கையில் இல்லை. எங்கள் குடியிருப்பு சங்கத்தின் விதிப்படி டிரெய்லரை வீட்டு வாசலில் நிறுத்தக் கூடாது. ஊருக்கு வெளியே மாத வாடகைக்கு ஒரு திறந்தவெளி. முதல் மூன்று வருடம் எனக்குக் கிடைத்த இடம் புல்தரை. புல்லின் ஈரம் ராத்திரி முழுக்க அடிச்சட்டத்தில் ஏறும். காலையில் விரலால் தொட்டால் மே மாதத்தில்கூடத் துளித்துளியாக ஒட்டும்.

அதோடு உப்பு. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கம் இருக்கிறது. பனி உருகுவதற்காகப் பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். நான் தூத்துக்குடிக்காரன். உப்பளக் காற்றில் ஜன்னல் கம்பி பொரிந்து உதிர்வதைப் பார்த்தே வளர்ந்தவன். அப்படிப்பட்டவனே மார்ச் கடைசியில், சாலை ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும்போது, கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்பை இழுத்துக்கொண்டு தெற்கே போயிருக்கிறேன். திரும்பி வந்து அடியில் தண்ணீர் அடித்துக் கழுவினேனா? ஒரு தடவை கழுவினேன்.

பெரும்பாலான இரும்பு டிரெய்லர்களில் சட்டம் குழாய் வடிவம். ஸ்க்ரூ ஓட்டை, வயர் போகும் ஓட்டை எதன் வழியாகவோ உப்புத் தண்ணீர் குழாய்க்குள் போகிறது. வெளியே வர வழி இல்லை. துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. அதனால்தான் பார்வைக்குத் தெரியாமல் தட்டினால் தெரிகிறது. இன்னொரு இடம், இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு உட்காரும் ஓரம். இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு நடுவே உப்புத் தண்ணீர் இருந்தால் அலுமினியம் அரிக்கும். என் பெட்டியில் கீழ் வரிசை ஸ்க்ரூக்களைச் சுற்றித் தகடு கொப்புளம் கொப்புளமாக எழும்பி, நகத்தால் சுரண்டினால் வெள்ளை மாவு கொட்டியது.

இதற்கு மருந்து உண்டு. கம்பளிக் கொழுப்பில் செய்த ஃப்ளூயிட் ஃபிலிம் மாதிரி எண்ணெய்ப் பூச்சை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அடியில் அடித்தால் இரும்பு பல வருடம் தாங்கும். குழாய்க்குள்ளும் போகும்படி நீளக் குழல் வைத்து அடிக்க வேண்டும். அக்டோபர் குளிரில் மல்லாந்து படுத்து, கண்ணில் எண்ணெய் சொட்டச் சொட்ட இரண்டு வருடம் செய்தேன். மூன்றாவது வருடம் பெண்ணின் பரதநாட்டிய நிகழ்ச்சி வந்தது, நான்காவது வருடம் ஊருக்குப் போய்விட்டோம். விடாமல் செய்பவர் இரும்பையே வாங்கலாம், பணம் மிச்சம். நான் அந்த ஜாதி இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு டிரெய்லர் செலவானது.

அலுமினியம் வாங்கும்போது நானும் ஒரு அட்டையும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துப் போனேன். விற்றவர் சிரித்தார். பத்து வருடப் பெட்டி, இதே மிச்சிகன் உப்பில் ஓடியது. சட்டத்தில் அங்கங்கே வெள்ளைப் பூப்பு இருந்ததே தவிர, எல்லாத் தட்டும் கணீர். ஆக்சில் மட்டும் இரும்பு, அதில் துரு இருந்தது. ஆக்சில் கழற்றி மாற்றக்கூடிய சாமான், சட்டம் அப்படி இல்லை. விலைதான் கசந்தது, 9,500 டாலர். நான் வாங்கிய அந்த 2022-ல் அதே அளவுப் புது இரும்புப் பெட்டிக்கு ஏறக்குறைய 8,500 சொன்னார்கள். அதாவது பத்து வருடப் பழசுக்குப் புதுசை விட ஆயிரம் கூடுதல். வீட்டில் இந்தக் கணக்கைச் சொன்னபோது, "ஏங்க, பழசுக்கு யாராவது கூடக் கொடுப்பாங்களா?" என்று கேள்வி வந்தது. பத்து வருடத்துக்குப் பிறகும் இந்த விலைக்கு ஆள் வரிசையில் நிற்பதுதான் என் பதில்.

அலுமினியத்தைத் தலையில் தூக்கி வைக்கவும் இல்லை. குலுங்கிக் குலுங்கி வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். இரும்பு விட்டால் கென்டக்கியின் எந்தக் குக்கிராமத்திலும் ஒட்டிக் கொடுக்க ஆள் உண்டு. அலுமினியத்துக்குக் கைதேர்ந்தவரைத் தேட வேண்டும். என்னுடையதில் இதுவரை விரிசல் இல்லை, ஆனால் நான் ஓட்டியது எட்டாயிரம் மைல்தான், அதை வைத்துச் சான்றிதழ் கொடுக்க மாட்டேன். டயரும் பேரிங்கும் இரண்டுக்கும் ஒன்றே. வருடம் ஒரு முறை பேரிங்கைக் கழற்றி கிரீஸ் மாற்ற வேண்டும். நிற்கும் வண்டியில் டயர் தேயாது, வயதாகித்தான் போகும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. டயரின் பட்டன் எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஆறாவது வருடம் நான் மாற்றிவிடுவேன். கூரையில் தகடு ஒரே துண்டாக இருக்கிறதா என்று பாருங்கள், இணைப்பு இருந்தால் அங்கேதான் ஒழுகும்.

உள்ளே என்னென்ன மாட்டுவது என்பதிலும் உலோகம் வித்தியாசம் காட்டுகிறது. முன்சக்கரத்தைக் கவ்வும் சாக் மூன்று, தரையில் நீளவாக்கில் ஈ-டிராக் (ஸ்ட்ராப் மாட்டத் துளை போட்ட உலோகப் பட்டை) நான்கு வரிசை. பிளைவுட்டில் மட்டும் ஸ்க்ரூ போட்டு நிறுத்தாதீர்கள், குறுக்குச் சட்டம் வரை போல்ட் இறங்க வேண்டும். இரும்பில் துளை போட்டால் அந்தத் துளைக்கு உடனே பெயின்ட். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு, உலோகம் தொடாதபடி நைலான் வாஷர் வைத்தேன். நடு சாக்கை மற்ற இரண்டை விட இரண்டடி பின்னால் தள்ளினால் ஹேண்டில்பார்கள் மோதாது. ஆனால் ரொம்பப் பின்னால் போனால் ஆக்சிலுக்குப் பின்னே எடை கூடி, 60 மைல் வேகத்தில் வால் ஆடும். முதல் பயணத்தில் ஒஹையோவில் எங்களுக்கு ஆடியது. பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கி, சாமான் பெட்டி எல்லாவற்றையும் முன்மூக்குக்கு மாற்றினோம், ஆட்டம் நின்றது.

ஸ்ட்ராப்பை ஹேண்டில்பாரில் போடாமல், மென்மையான வளையத்தை, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கீழ்க் கவ்வியில் சுற்றி, அதில் கொக்கியை மாட்டுங்கள். ஃபோர்க் பாதி அமுங்கினால் போதும். அடிவரை இறுக்கினால் ஆயில் சீல் போகும். பின்சக்கரத்துக்கும் இரண்டு. சைடு ஸ்டாண்டு மடக்கியே இருக்க வேண்டும். பக்கச் சுவர்களில் மேலும் கீழுமாகக் காற்றுத் துளை வைத்துவிடுங்கள், கோடை வெயிலில் மூன்று டேங்க் பெட்ரோல் வாடை உள்ளே சேரக் கூடாது. தரைக்கு வட்டப் புள்ளி போட்ட ரப்பர் விரிப்பு அழகாக இருக்கும், ஈரமானால் வழுக்கும். ராம்பில் மட்டுமாவது சொரசொரப்பான பட்டை ஒட்டுங்கள். மழையில் 480 பவுண்டு பைக்கோடு ராம்பில் கால் வழுக்கிய நண்பர் இன்னமும் என் விரிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

அந்த நண்பர் போன மாதம் சொந்தமாக டிரெய்லர் வாங்கினார். நாகர்கோவில்காரர், கணக்கில் கெட்டி. இதை எல்லாம் இரண்டு மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரும்பு வாங்கினார். அடுத்த கோடையில் அவருக்கு டல்லாஸுக்கு மாற்றல். சாலையில் உப்பு அபூர்வம், புது வீட்டில் டிரெய்லர் நிறுத்தக் கூரை போட்ட இடமும் இருக்கிறதாம். அவர் நிலையில் நானும் அதைத்தான் வாங்கியிருப்பேன். எடுத்து வரப் போனபோது, தட்டிப் பார்க்க ஸ்க்ரூடிரைவரை என்னிடம்தான் வாங்கிப் போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.