காசிமேட்டு ஏலக் கணக்குக்குப் போஸ்ட்கிரெஸ்: நிரலாளருக்கான ஒரு மதிப்பீடு

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். ஏலத் தொகை, வியாபாரிகளின் நிலுவை, ஐஸ் செலவு, படகு உரிமையாளருக்குச் சேர வேண்டிய பங்கு என அங்கே பதிவாகும் கணக்குகளைத் தாங்கும் மென்பொருளுக்கு நாங்கள் பயன்படுத்துவது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். இது 1986இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் வழிவந்தது. உரிமக் கட்டணம் கிடையாது என்பது வசதிதான். எனினும் நான் இதைப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம், கோளாறு நேரும்போது அதன் இடத்தை இது சுட்டிக்காட்டும் முறை.

ஒரே ரசீது எண்ணை இருவர் பதிந்தால், 23505 என்ற பிழை எண்ணோடு, எந்தக் கட்டுப்பாடு மீறப்பட்டது, எந்த மதிப்பு மோதியது என்பதையும் சேர்த்தே தெரிவிக்கிறது. நிரலில் சோதிக்க வேண்டியது இந்த எண்ணையே. செய்தியின் சொற்கள் மொழி அமைப்புக்கு ஏற்ப மாறக்கூடியவை. இன்னொன்றும் புதியவர்களைக் குழப்பும். பரிவர்த்தனையின் (முழுதாக நிறைவேற வேண்டிய, இல்லாவிட்டால் முழுதாக ரத்தாக வேண்டிய கட்டளைத் தொகுப்பின்) நடுவில் ஒரு கட்டளை தவறிவிட்டால், அந்தப் பரிவர்த்தனையைத் திரும்பப்பெறும் வரை பின்வரும் கட்டளைகள் அனைத்தும் ஒரே வாசகத்தோடு மறுக்கப்படும். பதிவேட்டின் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தேடுவதில் பயனில்லை. மேலே சென்று முதற்பிழையைப் பார்க்க வேண்டும்.

திரை உறைந்து நிற்கிறது என்ற புகார் வந்தால் சர்வரை மறுதொடக்கம் செய்யச் சொல்வதே வழக்கமாக இருக்கிறது. அது தடயத்தை அழிக்கும் வேலை. 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி' என்ற காட்சியில் எந்த இணைப்பு எந்தக் கட்டளையில் நிற்கிறது என்று தெரியும். யார் யாரைத் தடுக்கிறார்கள் என்பதைச் சொல்வதற்கும் தனிச் செயற்கூறு உண்டு. பெரும்பாலும் குற்றவாளி, வேலை முடிந்தும் பரிவர்த்தனையை மூடாமல் சும்மா இருக்கும் இணைப்பாகவே இருக்கும். வியாபாரியின் நிலுவையைத் திருத்திவிட்டு, அந்த வரிசையின் (அட்டவணையில் அவருக்குரிய பதிவின்) பூட்டை, அதாவது பிறர் அதைத் திருத்தாமல் தடுக்கும் பிடியை, விடாமலேயே அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பக் காத்திருக்கும் நிரல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நெட்வொர்க் தாமதித்தால், அதே நிலுவையைத் தொட வரும் ஒவ்வொருவரும் நிற்க வேண்டியதுதான். பரிவர்த்தனையை முடித்த பிறகே குறுஞ்செய்தியை அனுப்ப வேண்டும். இத்தகைய இணைப்புகளைத் தானே துண்டிப்பதற்கான காலவரம்பு போஸ்ட்கிரெஸில் இருக்கிறது. ஆனால் நிறுவும்போது அது அணைக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது. இது எனக்கு உடன்பாடான முடிவு அல்ல. ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வது எங்களைப் போன்ற பணிக்குப் போதும்.

நேரத்தைக் கையாளும் விதம் ஏலக் கணக்கில் உடனே சோதனைக்கு உள்ளாகும். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்) இயங்குவதால், ஞாயிறு அதிகாலை 3 மணி விற்பனை அங்கே சனிக்கிழமை இரவு 9.30 ஆகிவிடும், அன்றாட அறிக்கை முழுவதும் ஒரு நாள் பின்தள்ளிப் போகும். நேரமண்டலத்தோடு கூடிய தரவு வகையைத் தேர்ந்து, இணைப்பின் நேரமண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று அமைத்தால் சிக்கல் தீரும். ஒரு நாள் விற்பனையைத் தேடும்போது புலத்தின் மேல் தேதிச் செயற்கூறு போடாமல், இந்த நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவுக்கு முன் வரை என்று எல்லை கொடுத்தால், அந்தப் புலத்தில் உள்ள இண்டெக்ஸும் (விரைவாகத் தேட உதவும் சுட்டுவரிசையும்) பயன்படும்.

தமிழ்த் தரவைப் பொறுத்தவரை இது வல்ல கருவிதான், ஆனால் கேட்டால்தான் செய்யும். தண்டையார்பேட்டை என்பது நமக்கு 8 எழுத்து. புள்ளியையும் உயிர்க்குறியையும் தனியே கணக்கிடும் போஸ்ட்கிரெஸ் அதன் நீளத்தை 15 என்று எண்ணும், யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் அது 45 பைட் இடம் பிடிக்கும். எனவே முகவரிப் புலத்துக்கு ஆங்கிலப் பெயர்களை மனத்தில் வைத்து எல்லை குறிப்பது தவறு. கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர் ஆகியவற்றில் இன்னும் நுட்பமான தொல்லை ஒளிந்திருக்கிறது. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. தேடலில் மட்டும் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. 13ஆம் பதிப்பில் வந்த 'நார்மலைஸ்' செயற்கூற்றைக் கொண்டு, உள்ளே வரும்போதே பெயரை ஒரே வடிவுக்கு மாற்றிவிட வேண்டும். அகரவரிசையும் அப்படித்தான். குறியீட்டு எண்ணின்படி அடுக்கினால் னகரம் பகரத்துக்கு முன்னும், ழகரம் வகரத்துக்கு முன்னும் வந்து நிற்கும். 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியு எனும் பன்மொழி எழுத்து நூலகத்தின் தமிழ் வரிசைமுறை கிடைப்பதால், வியாபாரிகள் பட்டியலை நம் முறைப்படியே அச்சிடலாம்.

வினவல் (தரவைக் கேட்கும் கட்டளை) மெதுவாக ஓடினால் 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' போட்டு, முன்மதிப்பிட்ட வரிசைகளின் எண்ணிக்கையும் உண்மையில் வந்த எண்ணிக்கையும் எங்கே விலகுகின்றன என்று பாருங்கள். அது வினவலை உண்மையாகவே இயக்கும் என்பதால், நீக்கும் கட்டளையைச் சோதிப்பவர் அதைப் பரிவர்த்தனைக்குள் வைத்துப் பின் திரும்பப்பெற வேண்டும்.

குறைகளும் உண்டு. ஒவ்வோர் இணைப்புக்கும் சர்வரில் தனி இயக்கம் (பிராசஸ்) தேவைப்படுவதாலும், இயல்புநிலை வரம்பு 100 இணைப்புகள் என்பதாலும், கைபேசிச் செயலி பரவலானவுடன் நடுவில் சில இணைப்புகளையே பலருக்கும் பகிர்ந்தளிக்கும் ஓர் இணைப்புத் தொகுப்பானை வைக்க நேரிடும். திருத்தப்பட்ட வரிசையின் பழைய வடிவம் உடனே அழிவதில்லை. தானியங்கி வேக்குவம் எனும் துப்புரவுப் பணி பின்னர் அந்த இடத்தை மீட்கிறது. மூடப்படாத பரிவர்த்தனை ஒன்று நெடுநேரம் கிடந்தால் அந்த மீட்பும் நின்று, அட்டவணை வீங்கிக்கொண்டே போகும்.

ஒவ்வொரு முதன்மைப் பதிப்புக்கும் 5 ஆண்டுகளே ஆதரவு உண்டு என்பதால் பதிப்பு மாற்றத்தைத் தவிர்க்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலமே எங்களுக்கு அதற்கு உகந்த பருவம். 18ஆம் பதிப்புக்கு முந்தையவற்றுக்கு மாறுபவர்கள், மாற்றியவுடன், தரவின் புள்ளிவிவரங்களைத் திரட்டும் 'அனலைஸ்' கட்டளையைத் தவறாமல் இயக்க வேண்டும். வினவலைத் திட்டமிட உதவும் பழைய புள்ளிவிவரங்கள் உடன் வருவதில்லையாதலால், அதைச் செய்யாவிட்டால் நேற்றுவரை நொடியில் வந்த அறிக்கை இன்று நிமிடக்கணக்கில் காக்க வைக்கும்.