அமுக்கரா, ஜின்செங், ரோடியோலா: டப்பாவில் போட்டிருக்கும் சதவீதத்தை எப்படிப் படிப்பது?

ஆன்லைனில் 'அடாப்டோஜென்' என்று தேடினால் அமுக்கரா (அஸ்வகந்தா), ஜின்செங், ரோடியோலா மூன்றும் வரிசையாக வந்து நிற்கும். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் செடியின் முக்கிய வேதிப்பொருள் எவ்வளவு என்று போட்டிருக்கும்: அமுக்கராவில் விதானோலைடு 5%, ஜின்செங்கில் ஜின்செனோசைடு 4%, ரோடியோலாவில் ரோசவின் 3%. அஞ்சு நாலை விடப் பெரிது, நாலு மூணை விடப் பெரிது என்று மனசு தானாகவே கணக்குப் போடும். அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

அடாப்டோஜென் என்பது வேதியியலைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. 1947இல் சோவியத் மருந்தியலாளர் நிகொலாய் லாசரேவ் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். பிறகு விளாடிவோஸ்டோக்கில் இருந்த இஸ்ராயெல் பிரெக்மன் அதற்கு இலக்கணம் வகுத்தார்: எந்த வகை நெருக்கடியையும் உடம்பு தாங்க உதவ வேண்டும், ஏறியதை இறக்கி இறங்கியதை ஏற்றிச் சமன் செய்ய வேண்டும், கெடுதல் செய்யக் கூடாது. எல்லாமே விளைவைப் பற்றிய நிபந்தனைகள். உள்ளே என்ன மூலக்கூறு இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2008இல் இந்தச் சொல்லை மருந்தியல் சொல்லாகவே ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது. எனக்கும் அது சரியான முடிவாகத்தான் படுகிறது.

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது?

அமுக்கரா கத்தரிக்காய்க் குடும்பத்துச் செடி. அதன் விதானோலைடுகள் 28 கார்பன் கொண்ட ஸ்டீராய்டு லாக்டோன்கள். ஒரே பெயருக்குள் பல ஆட்கள்: விதாஃபெரின் ஏ, விதானோலைடு ஏ, விதானோன், சர்க்கரை ஒட்டிய விதானோசைடுகள். இவற்றுக்குள் குணம் ஒன்றல்ல. விதாஃபெரின் ஏ செல்களைக் கொல்லும் தன்மையுள்ளது, புற்றுநோய் ஆய்வகங்கள் அதைத் தேடிப்போனதே அதற்காகத்தான். அது இலையில் அதிகம். மருந்துக்குக் காலங்காலமாக எடுத்துவந்ததோ வேரை. இலை மலிவு, அதைச் சேர்த்தால் மொத்த சதவீதமும் சுலபமாக ஏறும். அதனால் சதவீதம் கூடினால் சரக்கு உசத்தி என்ற நினைப்பு இந்தச் செடியிடம்தான் அதிகம் ஏமாறும். 2021இல் ஆயுஷ் அமைச்சகம் இலையைத் தவிர்க்கச் சொல்லி உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது.

இரண்டு பிரபலமான சாறுகளை, அதாவது செடியின் சத்தைப் பிரித்துச் செறிவாக்கிய சரக்குகளை, எடுத்துக்கொள்வோம். கேஎஸ்எம்-66 வேர் மட்டும், விதானோலைடு 5%. நாளைக்கு 600 மில்லிகிராம் எடுத்தால் 30 மில்லிகிராம் ஆகிறது. சென்சோரில் வேரும் இலையும் சேர்ந்தது, விதானோலைடு கிளைக்கோசைடு (சர்க்கரை ஒட்டிய வகை) 10%. 250 மில்லிகிராமுக்கு 25. பத்து சதவீதக்காரர் ஐந்து சதவீதக்காரருக்குப் பின்னால் நிற்கிறார், அதுவும் இருவரும் எண்ணுவது வேறு வேறு பொருளை! அளக்கும் முறையும் சேர்ந்து குழப்பும். எச்பிஎல்சி முறையில் மூலக்கூறுகளைத் தனித்தனியாகப் பிரித்து அளப்பார்கள். பழைய எடை முறையில் கூட ஒட்டிக்கொண்டு வரும் மற்றவையும் தராசில் ஏறிவிடும். எந்த முறை என்று எழுதாத லேபிளை நான் வாங்குவதில்லை.

நம்மூர் அமுக்கரா சூரணத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிராம்பு 1 பங்கில் தொடங்கி, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று இரட்டிப்பாக ஏறும் கணக்கு அது. மொத்தம் 255 பங்கில் அமுக்கரா 64, அதாவது கால் பங்கு. 5 கிராம் சூரணத்தில் வேர் ஒன்றேகால் கிராம். அமெரிக்க மருந்துத் தரநூல் வேருக்குக் கேட்கும் குறைந்தபட்ச விதானோலைடு 0.3%. அதை வைத்துப் பார்த்தால் நாலு மில்லிகிராம்கூடத் தேறாது. கேப்ஸ்யூல் தருவதோ முப்பது. இதனால் சூரணம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பாலில் பிட்டவியல் செய்த (பிட்டு மாதிரி ஆவியில் அவித்த) வேரும், மிளகு திப்பிலியின் பைப்பரினும் சேர்ந்த ஒரு கலவை அது. சூரணம் சாப்பிட்டுப் பழகிய அனுபவத்தை வைத்து "தாத்தா காலத்திலிருந்து சாப்பிடுகிறோம், ஒன்றும் செய்யாது" என்று கேப்ஸ்யூலுக்கு நற்சான்று கொடுப்பதுதான் பொருந்தாது. சாறு சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. டென்மார்க் 2023இல் தடையே போட்டது.

இன்னொரு சிக்கல். அமுக்கரா தரும் தூக்கத்துக்குக் காரணம் விதானோலைடுதானா என்பதே கேள்வி. 2017இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழக ஆய்வு, எலிகளைத் தூங்கவைத்தது இலையில் இருந்த டிரைஎத்திலீன் கிளைக்கால் என்றது. லேபிளில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

ஜின்செங் பக்கம் போனால் வேதியியல் இன்னும் ஒழுங்கானது. ஜின்செனோசைடுகள் சபோனின்கள், ஸ்டீராய்டு போன்ற ஓர் உடலில் சர்க்கரைகள் தொங்கும். ஆர்பி1, ஆர்சி, ஆர்டி ஒரு கூட்டம், ஆர்ஜி1, ஆர்இ, ஆர்எஃப் இன்னொரு கூட்டம். இதில் ஆர்எஃப் ஆசிய ஜின்செங்கில் இருக்கும், அமெரிக்க ஜின்செங்கில் இருக்காது. எது எந்த ஊர்ச் சரக்கு என்று கண்டுபிடிக்க அது போதும். வேரை ஆவியில் வேகவைத்து உலர்த்தினால் சிவப்பு ஜின்செங். வெப்பத்தில் மூலக்கூறுகள் உடைந்து ஆர்ஜி3 போன்றவை கூடும், ஆக வெள்ளையும் சிவப்பும் ஒரே வேரானாலும் ஒரே மருந்தாகாது.

இதன் பலவீனம் வயிற்றில் இருக்கிறது. ஆர்பி1 அப்படியே ரத்தத்தில் சேர்வது சொற்பம். குடல் பாக்டீரியாக்கள் அதன் சர்க்கரைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி 'காம்பவுண்ட் கே' ஆக்கிய பிறகுதான் உறிஞ்சப்படுகிறது. எல்லாக் குடலும் இந்த வேலையை ஒரே மாதிரி செய்வதில்லை. ஒரே டப்பாவை வாங்கிய இரண்டு பேரில் ஒருவர் ஆகா என்பதும் மற்றவர் காசு போச்சு என்பதும் இதனால்கூட இருக்கலாம். ஜி115 என்ற பிரபல சாறு 4%. வழக்கமான 200 மில்லிகிராமுக்கு 8 மில்லிகிராம் ஜின்செனோசைடு. அமுக்கராவின் முப்பதுக்கு முன்னால் எட்டு என்பது சிறியதாகத் தெரிந்தால், முதல் பத்தியின் கணக்கு இன்னும் மனசை விட்டுப் போகவில்லை என்று அர்த்தம்.

ரஷ்யர்கள் ஜின்செங்குக்கு மலிவான மாற்றாகக் கொண்டுவந்த எலுதெரோவை இந்தப் பந்தயத்தில் நான் சேர்க்கவில்லை. அதன் 'எலுதெரோசைடு'களுக்குள் சொந்தமே இல்லை. ஏ ஒரு தாவர ஸ்டீரால், பி வேறு, இ வேறு. 2002லிருந்து அமெரிக்காவில் அதை ஜின்செங் என்று விற்கவும் முடியாது.

ரோடியோலா குளிர் மலைகளில் வளரும் செடி. அதில் பார்க்க வேண்டியவை இரண்டு: ரோசவின்களும் சாலிட்ரோசைடும். சாலிட்ரோசைடு ரோடியோலா இனங்கள் பலவற்றில் உண்டு. ரோசவின் ரோடியோலா ரோசியாவின் அடையாளம். சீனாவிலிருந்து வரும் கிரெனுலாட்டா என்ற இனத்தைக் கலந்தால் சாலிட்ரோசைடு நிறையக் காட்டும், ரோசவின் காட்டாது. அதனால்தான் நல்ல சாறுகளில் ரோசவின் 3%, சாலிட்ரோசைடு 1% என்று இரண்டு எண்ணும் இருக்கும். இந்த மூன்று செடிகளின் லேபிள்களில் எனக்குப் பிடித்தது இதுதான். பலத்தைப் பற்றிப் பெருமை பேசாமல் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறது. செடிதான் பாவம், காட்டிலிருந்து தோண்டித் தோண்டி, 2023 முதல் அதன் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்திருக்கிறது.

எதை வாங்கலாம்? தூக்கமும் படபடப்பும் பிரச்சினை என்றால் அமுக்கரா வேர்ச் சாறு, எச்பிஎல்சி என்று எழுதியது. பகல் சோர்வு என்றால் இரண்டு எண்ணும் போட்ட ரோடியோலா. ஜின்செங் விலைக்கு நான் மூன்றாவது இடம்தான் கொடுப்பேன். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் அமுக்கராவையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் ஜின்செங்கையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அப்புறம், மூன்றையும் ஒரே கேப்ஸ்யூலில் அடைத்து 'அடாப்டோஜென் கலவை 500 மி.கி.' என்று மொத்தமாக மட்டும் எழுதி விற்பதும் உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துப் போடாத அந்த டப்பாவுக்கு மேலே சொன்ன எந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வழியில்லை.