வாங்கச் சொல்லாத காது மெஷின் சென்டர்: கோவை அனுபவம்

கோவை காந்திபுரத்தில் நான் காது மெஷினைச் செக்கப்புக்குக் கொடுக்கும் சென்டரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறை சொல்லவும் சில விஷயம் இருக்கிறது. ஆனால் கருவியைச் சோதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் பேசும் இடம் என்ற ஒரே காரணத்துக்காக நான் வேறு எங்கும் போவதாக இல்லை.

நான் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டியவன். முப்பது வருஷத்துக்கு மேல் தறிக் குடோனுக்குள்ளேயே வாழ்க்கை. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் சத்தம்தான் உச்சம் என்று தொழிற்சாலை விதியில் இருக்கிறது. தறி ஓடும் குடோனில் அதைத் தாண்டாத நேரம் எது? எங்கள் ஊரில் கை ஜாடை பேசாத நெசவாளி கிடையாது. என் ஆடியோகிராமில் (காது டெஸ்ட் எடுத்து வரையும் கோட்டுப் படம்) 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற உயர்ந்த சுருதியில், ஒரு பள்ளம் விழுந்திருக்கும். சத்தத்தில் வேலை பார்த்தவர்களின் காது பெரும்பாலும் அங்கேதான் முதலில் போகும். பேச்சு சத்தம் கேட்கும், ஆனால் ச, த, ப எல்லாம் ஒன்றாகக் குழம்பும். அதிலும் பேத்தி பேசுவது சுத்தமாகப் புரியாது.

2019-ல் ஜோடியாக மெஷின் வாங்கினேன். பாடி காதுக்குப் பின்னால் இருக்கும், சத்தத்தை வெளியே விடும் ரிசீவர் மட்டும் மெல்லிய ஒயரில் காதுக்குள் போகும். போன வருஷம் வலது பக்கம் சத்தம் குறைந்தது, கரகரப்பும் வந்தது. வாங்கின கடைக்கே போனேன். அங்கிருந்த பையன் கருவியைத் தூக்கிப் பார்த்தான். “மாடல் பழசுங்க, வருஷமும் ஆயிருச்சு, மாத்திருங்க” என்று சொல்லி 1,45,000 ரூபாய்க்கு ஒரு தாளை நீட்டினான். என் காதுக்குள் ஒரு லைட் கூட அடித்துப் பார்க்கவில்லை.

காந்திபுரம் சென்டரில் முதல் வேலையே அதுதான். ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்கும் திறனைச் சோதிக்கப் படித்தவர், ஒரு இளம்பெண். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது, அதை நான் முதலில் பார்த்துக்கொண்டேன். கோட் போட்டவரெல்லாம் ஆடியாலஜிஸ்ட் இல்லை, பல கடைகளில் சேல்ஸ்மேன்தான் ஹெட்போன் மாட்டிவிடுகிறார். இந்தப் பெண் ஓட்டோஸ்கோப் என்கிற லைட் வைத்த கருவியில் காதுக்குள் பார்த்துவிட்டு, “ஐயா, வலது காதுல குறும்பி அடைச்சிருக்குதுங்க. இதை வெச்சுக்கிட்டு டெஸ்ட் எடுத்தா ரிசல்ட்டு தப்பா வரும். ஈ.என்.டி. டாக்டர்கிட்ட எடுத்துட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்குப் பணம் எதுவும் வாங்கவில்லை. சரி, ஆனால் அப்பாயின்ட்மென்ட் கேட்டு போன் செய்தபோதே இதைச் சொல்லியிருந்தால் சோமனூரிலிருந்து ஒரு பஸ் பயணம் மிச்சம்.

குறும்பி எடுத்துவிட்டுப் போனதும் காதை விட்டுவிட்டு மெஷினைத்தான் முதலில் கையில் எடுத்தார். ஸ்டெதாஸ்கோப் மாதிரி ஒரு குழாயை மெஷினில் மாட்டித் தன் காதிலேயே கேட்டுப் பார்த்தார். பிறகு ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடி, எந்த அலைவரிசைக்கு எவ்வளவு சத்தம் வெளியே வருகிறது, எவ்வளவு சிதைகிறது, பேட்டரியை எவ்வளவு இழுக்கிறது என்று கம்ப்யூட்டரில் எடுத்து, அந்த மாடலுக்குக் கம்பெனி கொடுத்த அளவோடு வைத்துப் பார்த்தார். இடது மெஷின் சரியாகவே இருந்தது, மைக் துளைதான் அடைத்திருந்தது. லென்ஸ் வழியாக எனக்கும் காட்டினார்: பஞ்சுத் தூசி! இன்னும் மகனின் குடோனுக்குப் போய் வருகிற ஆளுக்கு வேறு என்ன இருக்கும். வேக்யூமில் உறிஞ்சி எடுத்து, ரிசீவர் நுனியில் குறும்பியைத் தடுக்கும் வேக்ஸ் கார்டையும், காதுக்குள் உட்காரும் டோம் என்கிற ரப்பர் குல்லாவையும் மாற்றியதும் அளவு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. வலதில் பாடி நன்றாக இருந்தது, ரிசீவர் போயிருந்தது.

அப்புறம்தான் கண்ணாடி போட்ட அறைக்குள் உட்கார வைத்துக் காதை டெஸ்ட் செய்தார். 2019 ஆடியோகிராமைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இடது காது கிட்டத்தட்ட அப்படியே. வலது காது பல இடங்களில் 10 முதல் 15 டெசிபல் இறங்கியிருந்தது. அதனால் அங்கே பழைய அளவு ரிசீவரையே மறுபடி போட்டுப் பயனில்லை, அடுத்த பவரில் போட வேண்டும் என்றார். பவர் கூடினால் சாதாரண டோம் நிற்காது, விசில் அடிக்கும் என்று காதுக்கு அச்சு எடுத்து மோல்டும் செய்யக் கொடுத்தார். மோல்டு வர ஒரு வாரம் ஆனது.

“அப்ப புதுசு வாங்க வேண்டாமா கண்ணு?” என்று கேட்டேன்.

“இப்பத்திக்கு வேண்டாங்கய்யா. இந்த பாடிக்கு இன்னும் பெரிய ரிசீவர் கூடப் போடலாமுங்க. உங்க காது அதையும் தாண்டிப் போச்சுன்னாத்தான் மாத்தோணும்.”

இந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மெஷினின் ஆயுள் பொதுவாக மூன்றிலிருந்து ஏழு வருஷம், சராசரியாக ஐந்து என்பார்கள். அந்த ஐந்தைப் பிடித்துக்கொண்டுதான் பல கடைகள் வியாபாரம் செய்கின்றன. இவர் வருஷத்தைப் பற்றிப் பேசவே இல்லை. காது கருவியின் எல்லையைத் தாண்டியிருக்கிறதா, ஸ்பேர் பார்ட்ஸ் இன்னும் வருகிறதா, ரிப்பேர் செலவு புதிய கருவியின் விலையில் பாதியைத் தொடுகிறதா, சரிசெய்த பிறகும் பேச்சு புரியாமல் இருக்கிறதா என்றுதான் பார்த்தார். என் மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டது. பார்ட்ஸ் இன்னும் கொஞ்ச காலம் கிடைக்கும், அது நின்ற பிறகு ஏதாவது போனால் அன்றைக்கு மாற்றுங்கள் என்றார். திடீரென்று ஒரே நாளில் ஒரு காது அடைத்துப் போனால் மெஷின் கோளாறு என்று தன்னிடம் வந்து நிற்காமல், உடனே ஈ.என்.டி. டாக்டரிடம் ஓட வேண்டும் என்றும் சொன்னார். அதற்கு வைத்தியம் சில நாட்களுக்குள் தொடங்க வேண்டுமாம்.

மோல்டு வந்ததும் செட்டிங். என் பழைய கடையில் ஆடியோகிராமைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கம்பெனி சாஃப்ட்வேர் காட்டின அளவை அப்படியே விட்டுவிட்டு, “கேக்குதுங்களா?” என்பதோடு முடித்துவிட்டார்கள். இங்கே காதுக்குள் நூல் மாதிரி ஒரு மெல்லிய குழாயை விட்டு, அதன் மேலேயே மெஷினை மாட்டி, ஸ்பீக்கரில் பேச்சை ஓடவிட்டு, செவிப்பறைப் பக்கம் போய்ச் சேரும் சத்தத்தையே அளக்கிறார்கள். ரியல் இயர் என்று சொல்கிறார்கள். என் காதுக்கு வர வேண்டிய சத்தத்துக்கு ஒரு கோடு, என் மெஷினில் வரும் சத்தத்துக்கு ஒரு கோடு என்று இரண்டும் திரையில் தெரிந்தன. வலதில் மேல் அலைவரிசையில் என் கோடு நன்றாகக் கீழே கிடந்தது. பாவு இழை தளர்ந்திருந்தால் எப்படி ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்வோமோ, அப்படித் தூக்கிக்கொண்டே வந்தார். வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு சின்னச் சின்ன வார்த்தைகள் வாசித்தார், நான் திருப்பிச் சொன்னேன். பழைய செட்டிங்கில் 64 சதவீதம் சரி, புதியதில் 84.

மகன் கேட்டதால் புது மாடல் ஒன்றையும் ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கக் கொடுத்தார்கள், டெபாசிட் வாங்கிக்கொண்டு. கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்து பார்த்தேன். பழையதைவிடத் தெளிவுதான், போன் பேச்சு நேராகக் காதுக்கே வருவதும் சுகம். ஆனால் ஒன்றரை லட்சத்துக்கு அந்தத் தெளிவு போதுமா என்றால், எனக்குப் போதாது. வீட்டுக்காரம்மாவும் “இதுக்கு ரெண்டு தறி பழுது பார்க்கலாம்” என்றார். திருப்பிக் கொடுத்தேன், முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

இனிக் குறைகள். காது கேட்காதவர்கள் வரும் இடத்தில் பெயரை வாயால் கூப்பிடுகிறார்கள், அதுவும் மாஸ்க் போட்ட ரிசப்ஷன் பெண், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே. எனக்கு முன்னால் ஒரு பாட்டி பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் பக்கத்தில் இருந்தவர் தட்டி எழுப்பினார். ஒரு டோக்கன் போர்டு மாட்ட என்ன செலவாகிவிடும்? இரண்டாவது, ஒரே ஒரு ஆடியாலஜிஸ்ட். அவர் லீவு என்றால் கிளீனிங் தவிர எதுவும் நடக்காது. மூன்றாவது மாடி, லிஃப்ட் சில நாள் ஓடாது.

செலவு: காது டெஸ்ட் 600, மெஷின் சோதனை 500, ரிசீவர் 5,500, மோல்டு 2,000. மொத்தம் 8,600 ரூபாய். புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் வரி என்று போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை காது டெஸ்ட், மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை கிளீனிங் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும், மணியின் நிறம் மாறினால் மணியை மாற்ற வேண்டும். குடோனுக்குள் போகும்போது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, காதை மூடிச் சத்தத்தைத் தடுக்கும் இயர் மஃப் மாட்ட வேண்டும் என்பதில் அந்தப் பெண் ரொம்பக் கறார். அணைத்த மெஷின் காதில் இருந்தால் சத்தத்தைத் தடுக்கும் என்று நினைக்கக் கூடாதாம். மகனுக்கும் ஒரு ஜோடி மஃப் வாங்கிக் கொடுத்தேன், மாட்ட மாட்டேன் என்கிறான்.

போகிறவர்கள் பழைய ஆடியோகிராம், மெஷின் வாங்கின பில், சீரியல் நம்பர் இருக்கும் அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். சனிக்கிழமை கூட்டம் தாங்காது, வார நாளில் காலை பத்து மணிக்கு முன்னால் போய்விட்டால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.