மர மில்லுக்குப் பக்கத்தில் ஒரு ஹெட்ஃபோன்: நாலு சாரல் பார்த்த பிறகு

எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு மர அறுவை மில். பிரானூர் பார்டரில் இது ஒன்றும் அதிசயமில்லை. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் என்றால் பரோட்டா; எங்களுக்கு மரத்தடி, மரத்தூள், ரம்பச் சத்தம். காலை ஒன்பது மணிக்கு ரம்பம் ஓட ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் நிற்கும், அப்புறம் இருட்டும்வரை ஓடும்.

என் பிழைப்போ காதை நம்பியது. மலையாளத்தில் வரும் பேட்டிகள், வகுப்புகள், கூட்டப் பதிவுகள் ஆகியவற்றைக் கேட்டுத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பகுதியில் இருந்தது, அதனால் எங்கள் பக்கத்தில் மலையாளம் தெரிவது பெரிய தகுதியில்லை. ரம்பத்துக்கு நடுவில் அதைக் கேட்பதற்குத்தான் தகுதி வேண்டும்.

2021 செப்டம்பரில், ஒரு பெரிய வேலைக்கான பணம் மொத்தமாகக் கைக்கு வந்த வாரத்தில், கொல்லத்தில் ஒரு கடைக்குப் போய் இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு வயர்லெஸ் ஹெட்ஃபோன் வாங்கினேன். காதை முழுசாக மூடுகிற வகை, வெளி இரைச்சலை அழிக்கிற வசதி உள்ளது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் முக்கால்வாசி அந்த விலையில் விற்கிற எல்லாவற்றுக்கும் உள்ளவைதான். வீட்டில் பாதி விலையைத்தான் சொன்னேன். அந்தப் பாதிக்கே அம்மா, "ஏய்யா, பதினாலாயிரத்தைக் காதுல மாட்டணும்னா ஒரு கம்மலு வாங்கிருக்கலாம்லா" என்றாள்.

மறுநாள் காலை மில் ஓடத் தொடங்கியதும் மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். மின்விசிறிச் சத்தம் மறைந்தது. மில் மோட்டாரின் உறுமலும் மறைந்தது. ஆனால் பிளேடு கட்டைக்குள் இறங்கும்போது வரும் 'கிரீச்' மட்டும் அப்படியே இருந்தது; மற்ற சத்தம் போய்விட்டதால் அது முன்னைவிடத் துலக்கமாகவே கேட்டது. சரி, ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

ஏமாறவில்லை, எனக்கு விஷயம் புரியவில்லை. ஹெட்ஃபோனில் உள்ள மைக்குகள் வெளிச் சத்தத்தைக் கேட்கின்றன. அந்த அலையைத் தலைகீழாகப் புரட்டி உள்ளே ஒலிக்கச் செய்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பால் லூக் என்ற ஜெர்மானியர் இந்த யோசனைக்கு 1936-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருக்கிறார். தலைகீழ் அலை துளி முன்பின் இல்லாமல் வந்து பொருந்த வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. மோட்டார் உறுமுவது 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு நூறு அதிர்வு என்றால் அந்த அலையின் நீளம் 3.4 மீட்டர். யானை மாதிரி மெதுவாக அசைந்து வரும் அதைப் பிடிப்பது சுலபம். பிளேடு கிறீச்சிடுவது 3400 ஹெர்ட்ஸ் என்றால் அலையின் நீளம் வெறும் 10 சென்டிமீட்டர். இம்மி தவறினாலும் அழிக்காது, சில நேரம் கூட்டியே விடும். அதனால் ஏறக்குறைய ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள சத்தங்களை மின்னணு வேலை பெரும்பாலும் விட்டுவிடும். அதைத் தடுப்பது காதுக் குஷனின் பொறுப்பு.

இது விமானத்தை மனதில் வைத்துப் பிறந்த சாமான். போஸ் என்ற ஒலிக்கருவிக் கம்பெனியைத் தொடங்கிய அமர் போஸ் 1978-ல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது எஞ்சின் இரைச்சலில் பாட்டு கேட்க முடியாமல்தான் இதற்கான கணக்கைப் போட ஆரம்பித்தார் என்பார்கள். ஒரே சுருதியில் மணிக்கணக்காக உறுமுகிற ஒன்றுக்கு எதிரான ஆயுதம் இது. மர மில்லையும் கொத்துப் பரோட்டாத் தட்டையும் அவர் நினைத்திருக்க நியாயமில்லை.

ஆனாலும் ஒரு வாரத்தில் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. தாழ்ந்த சுருதியில் ஓடுகிற உறுமல் தனக்கு மேலே உள்ள சத்தங்களையும் போர்த்தி மூடும். மலையாளத்தில் 'ன'வுக்குப் பக்கத்தில் 'ந', 'ர'வுக்குப் பக்கத்தில் 'ற' என்று நுணுக்கமான வேறுபாடுகள் உண்டு. பதிவு மோசமாக இருந்தால் ஒரே வரியை நாலு தடவை திருப்பிப் போட்டுக் கேட்பேன். உறுமல் போனதும் இரண்டு தடவை போதுமானதாக இருந்தது. அதைவிட முக்கியமானது ஒலியளவு. பழைய சாதாரண ஹெட்ஃபோனில் மோட்டாரை மீறிக் கேட்க முக்கால் பங்குக்கு மேல் ஏற்றி வைத்திருப்பேன். இப்போது பாதிக்கும் கீழே. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. என் வேலையே வாரத்துக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் வந்துவிடும். முன்பெல்லாம் ராத்திரி படுக்கும்போது காதில் ஒரு ரீங்காரம் கேட்கும், அது நின்றுவிட்டது. இருபத்தெட்டாயிரத்தில் இருபதாயிரத்தை இந்த ஒன்றுக்கே எழுதிவிடலாம்.

பாட்டு எப்படி என்று கேட்பவர்களுக்கு: நன்றாக இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்தபடி கேட்டால் பாஸ் தூக்கலாக இருக்கும், தவில் எல்லாம் டிரம் மாதிரி. ஆப்பில் குறைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

மனைவிக்கு ஊர் புனலூர். சனிக்கிழமை தோறும் செங்கோட்டையிலிருந்து கேரள அரசு பஸ்ஸில் போவோம். புளியரை எஸ் வளைவில் பஸ் முக்கி முனகி ஏறுமே, இந்த ஹெட்ஃபோன் தன் முழுத் திறமையையும் காட்டுவது அங்கேதான். எஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துவிடும். நம்ம ஊர் பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதுவார், கேரள பஸ்ஸில் கயிற்றை இழுத்து டபுள் பெல் அடிப்பார். விசில், பெல் இரண்டும் உயர்ந்த சுருதி, அதனால் தடையில்லாமல் உள்ளே வந்துவிடும். மலையேறும்போது ஏற்கெனவே காது அடைக்கும். அதோடு இரைச்சல் நீக்கமும் சேர்ந்தால் காதுக்குள் யாரோ பஞ்சை வைத்து அமுக்குகிற மாதிரி சிலருக்கு இருக்கும். என் மனைவிக்கு அப்படித்தான், ஒரே தடவை மாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கோட்டைவாசல் கருப்பசாமி கோயில் வந்ததும் நான் கழற்றி மடியில் வைத்துக்கொள்வேன். பழக்கம்.

ஒரு தடவை கழற்றாமல் தூங்கிப்போனேன். அன்றைக்கு நான் தனியாகப் போனேன். புனலூர் வந்ததும் போனதும் தெரியவில்லை, கண் விழித்தபோது கொட்டாரக்கரை. ஹெட்ஃபோன்மேல் பழி போட முடியாத குற்றம்.

ரயிலில் அவ்வளவு தேவைப்படவில்லை. 2018-ல் அகலப் பாதையாகத் திறந்த பிறகும் அந்த மலைப்பகுதியில் வண்டி நிதானமாகத்தான் போகிறது. பகவதிபுரம் தாண்டிய நீளமான குகையில் மட்டும் போட்டுக்கொள்வேன். பதிமூணு கண் பாலத்துக்கு மேலே போகும்போது இதையெல்லாம் காதில் மாட்டிக்கொண்டிருப்பது பாவம்.

இனிக் காற்று. இந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இதை வாங்குவதாக இருந்தால் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று வரும். சாரல் என்று ஊரெல்லாம் குற்றாலத்துக்கு ஓடி வருகிற அதே காற்றுதான், கதவை அறைந்து, துணிக்கொடியை அறுத்து, ஓட்டைப் பெயர்க்கும். முதல் சீசனில் மொட்டை மாடியில் நின்று ஒரு பதிவைக் கேட்கலாம் என்று போனேன். காதுக்குள் 'தபுக் தபுக்' என்று யாரோ போர்வையை உதறுகிற சத்தம். இத்தனைக்கும் வெறும் காதுக்கு அவ்வளவு சத்தம் கேட்கவில்லை. காற்று மைக் துளையில் மோதிச் சுழல்கிறது. அது அந்த மைக்குக்கு மட்டுமே கேட்கும் சத்தம். ஹெட்ஃபோனுக்கு அது தெரியாது, வெளியே ஏதோ இரைச்சல் என்று நினைத்து அதற்கு எதிர் அலையைத் தயார் செய்து காதுக்குள் அனுப்புகிறது. இல்லாத சத்தத்துக்கு எதிர்ச்சத்தம். ஆப்பில் காற்றிரைச்சலைக் குறைக்க ஒரு வசதி இருக்கிறது, அது வெளி மைக்குகளை ஒதுக்கிவிடுகிறது. தொல்லை போகும், இரைச்சல் நீக்கமும் பாதி போய்விடும்.

போன் பேசினால் இன்னும் கொடுமை. வீட்டுக்குள்தான் இருப்பேன், மேற்கு ஜன்னல் திறந்திருக்கும். எதிர்முனையில் இருப்பவர், "சார், கடற்கரையிலயா நிக்கிறீங்க?" என்பார். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை முக்கியமான அழைப்பு என்றால் போனை நேராகக் காதில் வைத்துத்தான் பேசுகிறேன்.

காற்றோடு ஈரம். 2022 ஜூலையில் ஒரு நாள் உறையைத் திறந்தால் குஷன் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. பூஞ்சணம். கம்பெனி கொடுக்கிற அழகான ஜிப் உறை சாரல் காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைக்கிற பெட்டி என்று அன்றைக்குப் புரிந்தது. அரிசி டிரம்முக்குள் போட்டு வை என்றாள் அம்மா. தவிடு ஏறிவிடும் என்று மறுத்துவிட்டேன். இப்போது வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, அரைமணி ஆணியில் தொங்கவிட்டு, அப்புறம் மூடி இறுகிய பழைய பிஸ்கட் டின்னில், செருப்புப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா பொட்டலங்கள் ஐந்தாறோடு வைக்கிறேன். வீட்டில் யார் புதுச் செருப்பு வாங்கினாலும் முதலில் என்னிடம்தான் பெட்டி வரும்.

அப்படியும் மூன்றாம் வருடத்தில் குஷன் தோல் உரியத் தொடங்கியது. தோல் என்றால் நிஜத் தோல் இல்லை, ரெக்சின் மாதிரி ஒன்று. வியர்வையும் ஈரமும் அதற்கு ஆகாது. புனலூரில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மைத்துனன், "அளியா, செவியிலெந்தா கரி?" என்று கேட்டான். காதெல்லாம் கறுப்புச் செதில். ஆன்லைனில் எழுநூறு ரூபாய்க்கு வேறு யாரோ செய்த குஷன் கிடைத்தது, பார்க்க அதே மாதிரி. மாட்டினால் பாஸ் காணோம், மோட்டார் உறுமல் திரும்ப வந்துவிட்டது. குஷன் கன்னத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டினால்தான் உள்ளே போடுகிற கணக்கு பலிக்கும். நுரையின் கனம் கொஞ்சம் மாறினாலும் வாங்கிய வசதி வீண். பிறகு திருநெல்வேலியில் சர்வீஸ் சென்டரில் சொல்லிவைத்து மூன்று வாரம் காத்திருந்து அசல் குஷன் வாங்கினேன், அதைப் போல மூன்று மடங்கு விலைக்கு. கடைக்காரர் இரண்டு ஜோடி வாங்கச் சொன்னார், கேட்டிருக்கலாம்.

பேட்டரி மட்டும் நான் பயந்த அளவுக்கு இல்லை. 30 மணி நேரம் என்று அட்டையில் போட்டிருந்தார்கள், முதலில் 28 வந்தது. ஐந்து நாளைக்கு ஒரு சார்ஜ் என்றால் வருடத்துக்கு எழுபது சொச்சம். லித்தியம் அயன் பேட்டரி 300 முதல் 500 முழுச் சார்ஜுக்குள் ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும் என்பது பொதுக் கணக்கு. நான் இன்னும் முந்நூறைத் தாண்டவில்லை, இப்போது 23 மணி நேரம் வருகிறது. ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டு வைப்பதில்லை, வெயிலில் வைப்பதில்லை.

ப்ளூடூத்தில் ஒரு சங்கதியை வாங்குமுன் யாரும் சொல்லவில்லை. மடிக்கணினியில் மீட்டிங் வந்ததும் ஹெட்ஃபோன் மைக்கையும் அது எடுத்துக்கொள்ளும். உடனே ஒலி டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. ஹெட்ஃபோன் கெட்டுவிட்டது என்று பயந்தேன். மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அப்புறம் தாமதம். கால் பெடலை மிதித்து நிறுத்தி ஓட்டித்தான் நான் தட்டச்சு செய்கிறேன். நான் மிதித்த பிறகு ஒரு அரை வார்த்தை கூட ஓடித்தான் நிற்கும். இதற்காகவே மேஜையில் இருக்கும்போது பெட்டியோடு வந்த வயரைச் செருகிக்கொள்கிறேன். வயர்லெஸ் ஹெட்ஃபோனை வாங்கி வயர் போட்டு வேலை செய்கிறவன் என்று மைத்துனன் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

நாம் பேசினால் தானாகவே பாட்டை நிறுத்துகிற வசதி இதில் உண்டு. எழுதும்போது வார்த்தையை முணுமுணுப்பது என் வழக்கம். முணுமுணுக்கும் போதெல்லாம் பதிவு நின்றது. முதல் நாளே அணைத்துவிட்டேன். அதனால் அம்மா கூப்பிடுவது எனக்குக் கேட்பதில்லை. இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு என் அறை விளக்கை அணைத்து அணைத்துப் போடுவாள். அதற்கு ஆப் எதுவும் வேண்டியதில்லை.

போன மாதம் மில்காரர் அண்ணாச்சி வாடகை ரசீது விஷயமாக வீட்டுக்கு வந்திருந்தார். முப்பது வருடமாக ரம்பத்தோடு இருக்கிறவர், கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார். இது என்ன என்று கேட்டார். சொன்னேன். காதில் மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக மில் பக்கம் நடந்தார், நானும் கூடப் போனேன். பையன் ஒரு தேக்குத் தடியை ஏற்றிக்கொண்டிருந்தான். அண்ணாச்சி ஒரு நிமிஷம் பிளேடையே பார்த்துக்கொண்டு நின்றவர், சட்டென்று கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்.

"தம்பி, மோட்டாரு திணறுதான்னே தெரியல இதுல. அந்தச் சத்தத்தை வச்சுத்தான் தடியைத் தள்ளுறதே. இதை மாட்டிக்கிட்டு நின்னா ஒண்ணு பிளேடு போயிரும், இல்ல விரலு போயிரும்."

சொல்லிவிட்டுப் பையனைப் பார்த்து, "மெதுவால!" என்று கத்தினார். மோட்டார் சத்தத்தில் எனக்கு எந்த மாற்றமும் கேட்கவில்லை.